அம்மாவின் வயிற்றில் இருந்தது எந்தப் புற்றுநோய்?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. இரண்டு மாதம் முன்பு மலம் கன்னங்கரேலென்று போனது, ஒருநாள் தலைசுற்றி விழுந்துவிட்டார். ஹீமோகுளோபின் 6.8 என்று வந்தது. எண்டோஸ்கோபியில் இரைப்பைக்குள் ஒரு புடைப்பும், அதன் நடுவில் புண்ணும் தெரிந்தன. ஆனால் பயாப்ஸி ரிப்போர்ட்டில் "நாள்பட்ட இரைப்பை அழற்சி, புற்றுநோய் இல்லை" என்று போட்டிருந்தார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு ஆபரேஷன் செய்தார்கள். இப்போது வந்திருக்கும் ரிப்போர்ட்டில் "ஜிஸ்ட், 6 செ.மீ., மைட்டோஸிஸ் 5 சதுர மி.மீ.க்கு 8, சிடி117 பாசிட்டிவ், டாக்1 பாசிட்டிவ், வெட்டிய ஓரங்களில் கட்டி இல்லை" என்று இருக்கிறது. "வயிற்றுல கேன்சர்னா இரைப்பையையே எடுப்பாங்க, நெறிகட்டி எல்லாம் எடுப்பாங்க. இவங்க ஒரு துண்டை வெட்டிட்டு விட்டுட்டாங்களே" என்கிறார் மாமா. கீமோவும் கிடையாதாம், மூன்று வருஷம் மாத்திரை மட்டும்தானாம். அந்த மாத்திரையின் பெயரைத் தேடினால் ரத்தப் புற்றுநோய் மருந்து என்று வருகிறது. எந்த ரிப்போர்ட்டை நம்புவது? சிகிச்சை சரிதானா? அம்மா காரம் தூக்கலாகச் சாப்பிடுவார், அதனால் வந்ததா? எனக்கும் தம்பிக்கும் வருமா? அம்மாவிடம் "சாதாரணக் கட்டி" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நான் நோயியல் மருத்துவர். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கட்டியை வெட்டிப் பார்த்து, ஸ்லைடு போட்டு, ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. நீங்கள் கேட்டிருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே இடத்தில் விடை இருக்கிறது. அம்மாவின் கட்டி இரைப்பையில் எந்தத் திசுவிலிருந்து கிளம்பியது என்பதைப் புரிந்துகொண்டால், பயாப்ஸி ஏன் அப்படி வந்தது, ஆபரேஷனை ஏன் சின்னதாக முடித்தார்கள், ஏன் மாத்திரை என்பதெல்லாம் தானாகத் தெளியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இரைப்பையின் சுவர் பல அடுக்குகளால் ஆனது. உட்புறம் ஈரமாக, மடிப்பு மடிப்பாக இருப்பது சளிப்படலம். அமிலம் சுரக்கும் சுரப்பிகள் அதில்தான் இருக்கின்றன. அதற்கு அடுத்து, ரத்தக்குழாய்கள் ஓடும் தளர்வான ஓர் அடுக்கு. அதற்கும் வெளியே தடித்த தசை, சாப்பிட்டதைப் பிசைந்து கூழாக்குவது இதன் வேலை. எல்லாவற்றுக்கும் வெளியே மெல்லிய, வழவழப்பான உறை. "வயிற்றில் கேன்சர்" என்று நாம் அக்கம்பக்கத்தில் கேள்விப்படுபவற்றில் 100க்கு 90க்கு மேல் சளிப்படலத்தின் சுரப்பி செல்களில் தொடங்குபவை. அதற்கு அடினோகார்சினோமா என்று பெயர். உங்கள் மாமா சொல்வது முழுக்க அந்த நோயைப் பற்றி. அந்த நோய்க்கு அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் அம்மாவுக்கு வந்தது அது இல்லை. தசை அடுக்குக்குள் இருக்கும் முற்றிலும் வேறொரு வகைச் செல்லின் வழியில் வந்த கட்டி அது. ரிப்போர்ட்டில் உள்ள ஜிஸ்ட் (GIST) என்பது 'காஸ்ட்ரோஇன்டெஸ்டினல் ஸ்ட்ரோமல் ட்யூமர்' என்ற அதன் பெயரின் சுருக்கம்.

அந்தச் செல்லுக்குக் கஹால் செல் என்று பெயர். ஸ்பெயினைச் சேர்ந்த சான்டியாகோ ரமோன் இ கஹால், நரம்பு மண்டலத்தின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 1906இல் கமில்லோ கோல்ஜியுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றவர். குடல் சுவரில் நரம்பு முனைகளுக்கும் தசைக்கும் இடையே, மெல்லிய கிளைகளை நீட்டிக்கொண்டு கிடக்கும் சிறு செல்களைக் கண்டு வரைந்து வைத்தவர் அவர்தான். அவற்றை ஒருவகை நரம்புச் செல் என்றே நினைத்தார். உண்மையில் அவை என்ன செய்கின்றன என்பது உறுதியாகக் கிட்டத்தட்ட நூறு வருஷம் பிடித்தது. நம் இரைப்பை நிமிஷத்துக்குச் சுமார் மூன்று முறை அலை அலையாகச் சுருங்குகிறது, சிறுகுடலின் தொடக்கத்தில் அது சுமார் பன்னிரண்டு. சாப்பிட்டாலும் பட்டினி கிடந்தாலும் இந்த அலைக்கான மின்தாளத்தைப் போட்டுக்கொண்டே இருப்பவை கஹால் செல்கள். நரம்பு சொல்வதைத் தசைக்குக் கடத்துவதும் அவைதான். கருவில் அவை உருவாவது நரம்புத் திசுவிலிருந்து அல்ல, தசை உருவாகும் அதே இடைத்திசுவிலிருந்து.

இந்தச் செல்களின் மேற்பரப்பில் கிட் என்ற புரதம் இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு வளர்ச்சிக் காரணி வந்து அதில் ஒட்டினால், "பிழைத்திரு, பெருகு" என்ற செய்தி உள்ளே போகும். விட்டால் செய்தி நின்றுவிடும். காலிங் பெல் பொத்தானை அழுத்தினால் ஒலிக்கும், விரலை எடுத்தால் நிற்கும் இல்லையா, அதே மாதிரிதான். அந்தப் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டால்? வாசலில் யாரும் இல்லாமலே மணி அடித்துக்கொண்டே இருக்கும். கிட் மரபணுவில் ஒரு சிறு மாற்றம் ஏற்பட்டால் இதுதான் நடக்கிறது. 1998இல் ஜப்பானின் ஒசாகாவில் ஸெய்இச்சி ஹிரோதாவும் அவருடைய சகாக்களும் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். கட்டியின் செல்களும் கஹால் செல்களும் ஒரே அடையாளங்களைக் கொண்டிருப்பதையும் காட்டினார்கள். கஹால் செல்களிலிருந்தோ, அவற்றை உண்டாக்கும் முன்னோடிச் செல்களிலிருந்தோதான் ஜிஸ்ட் பிறக்கிறது என்பது அதற்குப் பிறகு நிலைபெற்ற கருத்து.

அதுவரை மருத்துவர்கள் இந்தக் கட்டிகளைத் தசைக்கட்டி என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். 1983இல் மேசர், கிளார்க் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், இவற்றில் பலவும் தசையைப் போல நடந்துகொள்ளவில்லையே என்று சந்தேகப்பட்டு, எந்தப் பக்கமும் சாயாமல் 'ஸ்ட்ரோமல் ட்யூமர்' என்று பெயர் வைத்தார்கள். ஜிஸ்ட் என்பதில் உள்ள 'எஸ்' அங்கிருந்து வந்ததுதான். உங்கள் உறவில் யாருக்காவது 1990களில் "இரைப்பைத் தசைப் புற்று" என்று ஆபரேஷன் நடந்திருந்தால், அதுவும் ஜிஸ்ட்டாகவே இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, இப்போது ரிப்போர்ட்டுகளுக்கு வருவோம். எண்டோஸ்கோபியில் பயாப்ஸி எடுக்கும் கிடுக்கி இரைப்பையின் உட்புறத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கடித்தெடுக்கும். அந்த ஆழத்தில் இருப்பது சளிப்படலம் மட்டுமே. ஜிஸ்ட் அதற்குக் கீழே, தசைக்குள் வளர்ந்து, மேலே இருக்கும் நல்ல சளிப்படலத்தை உள்நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். எண்டோஸ்கோப்பில் வழவழப்பான புடைப்பாகத் தெரிவது அதனால்தான். முதல் பரிசோதனைக்கு வந்த துணுக்கில் கட்டியே இல்லை. "இரைப்பை அழற்சி" என்று எழுதியவர், தன் கைக்கு வந்த திசுவைப் பற்றி உண்மையைத்தான் எழுதியிருக்கிறார். ஜிஸ்ட்டில் இது அடிக்கடி நடப்பது. ஆபரேஷனுக்கு முன்பே உறுதிசெய்ய வேண்டியிருந்தால், எண்டோஸ்கோப் முனையிலேயே அல்ட்ராசவுண்ட் பொருத்தி, அதன் வழியாகக் கட்டிக்குள் ஊசி செலுத்தி எடுப்பார்கள். எப்படியும் எடுத்தே ஆகவேண்டிய கட்டி, ஸ்கேனிலும் ஐயமில்லை என்றால், அந்தப் படியைத் தாண்டி நேராக ஆபரேஷனுக்குப் போவதும் முறையான வழிதான்.

இரண்டாவது ரிப்போர்ட்டை நம்புங்கள். அதில் இருப்பது கட்டி முழுவதையும் பார்த்து எழுதியது. இப்படி ஒரு கட்டி என் மேஜைக்கு வரும்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஃபார்மலினில் ஊறிய கட்டியைக் குறுக்கே வெட்டினால் சாம்பல் கலந்த இளஞ்சிவப்பாக இருக்கும், ஆங்காங்கே ரத்தம் கசிந்த இடங்கள். சில கட்டிகளில் நடுப்பகுதி மிருதுவாகி அழிந்து, அந்தக் குழி சளிப்படலத்தைக் கிழித்துக்கொண்டு இரைப்பைக்குள் திறந்திருக்கும். அம்மாவுக்கு ரத்தம் கசிந்து மலம் கறுத்தது அந்தப் புண்ணின் வழியாகத்தான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பெரும்பாலான ஜிஸ்ட்டுகளில் நீண்டு மெலிந்த செல்கள் கற்றை கற்றையாகப் போகும். தசைக்கட்டியும் நரம்புறைக் கட்டியும் கிட்டத்தட்ட இப்படியே இருக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. அதனால் சிடி117 சாயம் போடுகிறோம். சிடி117 என்பது கிட் புரதத்தின் மற்றொரு பெயர். கிட் இருக்கும் இடமெல்லாம் பழுப்பாக மாறும். 100 ஜிஸ்ட்டில் சுமார் 95இல் கட்டி முழுக்கப் பழுப்பேறிவிடும். நான் அந்த ஸ்லைடின் ஓரத்துக்கு நகர்த்தி, கட்டி இல்லாத தசையையும் பார்ப்பேன். அங்கே தசைநார்களுக்கு நடுவே ஒன்றிரண்டு மெல்லிய பழுப்புச் செல்கள் கிடக்கும். அவை ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த கஹால் செல்கள். கட்டியும் அவையும் ஒரே ஸ்லைடில், ஒரே நிறத்தில். எத்தனை முறை பார்த்தாலும் ஒரு நிமிஷம் நின்று பார்க்காமல் என்னால் அடுத்த ஸ்லைடுக்குப் போக முடிவதில்லை. டாக்1 இன்னொரு சாயம், சிடி117 தெளிவாக இல்லாதபோதும் கைகொடுக்கும். அம்மாவுக்கு இரண்டுமே பாசிட்டிவ். சந்தேகத்துக்கு இடமில்லை.

மைட்டோஸிஸ் 8 என்பதைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். பிரிந்துகொண்டிருக்கும் செல்களை 5 சதுர மில்லிமீட்டர் பரப்பில் எண்ணிப் போடும் கணக்கு அது. ஜிஸ்ட் திரும்பி வருமா என்பதை அளவு, இந்த எண்ணிக்கை, எந்த உறுப்பு என்ற மூன்றையும் சேர்த்துத்தான் கணிக்கிறோம். இரைப்பையில் 2 சென்டிமீட்டருக்குள், எண்ணிக்கை 5க்குள் இருந்தால் ஆபத்து ஏறக்குறைய இல்லை. அதே 6 செ.மீ. கட்டியில் எண்ணிக்கை 5க்குள் இருந்திருந்தால் திரும்பி வரும் வாய்ப்பு 100க்கு 4 பேருக்கும் குறைவு. 5ஐத் தாண்டியதால், மருந்து எதுவும் கொடுக்காமல் விட்டால் பாதிக்கும் சற்று அதிகமானவர்களுக்குக் கட்டி பரவவோ திரும்பி வரவோ செய்யும் என்பது பழைய கணக்கு. மாத்திரை வேண்டும் என்று உங்கள் டாக்டர் சொல்வதற்கு இந்த எட்டுதான் காரணம். ஆபரேஷன் குறிப்பில் இன்னொன்றும் பாருங்கள்: கட்டி உள்ளே உடைந்ததா என்று எழுதியிருப்பார்கள். உடைந்திருந்தால் மற்ற எண்கள் எப்படி இருந்தாலும் அதை அதிக ஆபத்தில் சேர்ப்போம்.

மாமாவின் கவலைக்கு வருகிறேன். சளிப்படலப் புற்று சுவருக்குள் பரவிக்கொண்டே போகும், நிணநீர் வழியாக நெறிகட்டிகளுக்குச் சீக்கிரமே போகும். அதனால்தான் அதில் இரைப்பையின் பெரும்பகுதியையும் சுற்றியுள்ள நெறிகட்டிகளையும் எடுக்கிறார்கள். ஜிஸ்ட் பெரும்பாலும் ஒரே உருண்டையாக, அக்கம்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு வளரும். நெறிகட்டிக்குப் போவது மிக அபூர்வம், போனால் கல்லீரலுக்கோ வயிற்றின் உள்ளுறைக்கோ போகும். ஆகவே கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவோடு, உடையாமல், முழுசாக எடுத்துவிட்டால் போதும். நெறிகட்டியைத் தேடி எடுப்பதால் பலன் இல்லை. "ஓரங்களில் கட்டி இல்லை" என்ற வரி ரிப்போர்ட்டில் இருக்கிறதே, மாமாவுக்கு அதைக் காட்டுங்கள். அம்மாவுக்கு இரைப்பை மிச்சமிருப்பது அவருடைய நல்லகாலம், அதில் குறையொன்றும் இல்லை.

கீமோ இல்லை என்பதும் இதே காரணத்தால்தான். வழக்கமான கீமோ மருந்துகளுக்கு ஜிஸ்ட் மசிவதே இல்லை. 2000க்கு முன்பு பரவிய ஜிஸ்ட்டுக்கு மருத்துவர்களிடம் மருந்தே கிடையாது என்று சொல்லலாம். அந்தச் சமயத்தில் இமாடினிப் என்ற மாத்திரை நாள்பட்ட மைலாய்ட் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்காகச் சோதனையில் இருந்தது. அது அடைக்கும் புரதங்களின் பட்டியலில் கிட்டும் இருந்தது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில், பின்லாந்தின் ஹெல்சின்கியில், இரைப்பை ஜிஸ்ட் கல்லீரல் வரை பரவி வேறு வழியே இல்லாதிருந்த ஒரு பெண்ணுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் கட்டிகள் சுருங்கத் தொடங்கின. 2002இல் அமெரிக்காவில் ஜிஸ்ட்டுக்கு அதை அனுமதித்தார்கள். இணையத்தில் நீங்கள் பார்த்தது தவறில்லை, அது ரத்தப் புற்றுநோய் மருந்துதான். உறுப்பு வேறானாலும் சிக்கிக்கொண்ட பொத்தானை அடைக்கும் மருந்து ஒன்றுதான்.

மூன்று வருஷம் என்ற கணக்குக்கும் ஆதாரம் உண்டு. ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் ஜெர்மனியிலும் ஆபரேஷன் முடிந்த, அதிக ஆபத்துள்ள 400 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு வருஷம், மூன்று வருஷம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வெளிவந்த முடிவில், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் மூன்று வருஷக் குழுவில் 92 சதவீதம், ஒரு வருஷக் குழுவில் 82 சதவீதம். வழக்கமான அளவு தினம் 400 மில்லிகிராம்.

விலையை நினைத்துப் பயப்பட வேண்டாம். இமாடினிப்பின் ஒரு வடிவத்துக்கு, அதை உருவாக்கிய நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாகப் போய், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துத் தீர்ப்பளித்தது. அந்த நாளில் கம்பெனி மருந்துக்கு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல், நம்மூர்த் தயாரிப்புக்குப் பத்தாயிரத்துக்குள் என்று வித்தியாசம் இருந்தது. இன்று பல இந்திய நிறுவனங்கள் தயாரிக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அம்மாவுக்குக் கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியில் உள்ள திட்டக் கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.

ஆனால் மாத்திரையைத் தொடங்கும் முன் ஒரு விஷயத்தை உங்கள் டாக்டரிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்: மரபணு மாற்றப் பரிசோதனை செய்தாயிற்றா? உங்கள் கடிதத்தில் எனக்குக் குறையாகப் பட்டது இது ஒன்றுதான். எல்லா ஜிஸ்ட்டிலும் பழுது ஒரே இடத்தில் இருக்காது. பெரும்பாலானவற்றில் கிட் மரபணுவின் எக்ஸான் 11 என்ற பகுதியில் இருக்கும், அதற்கு இமாடினிப் நன்றாக வேலை செய்யும். எக்ஸான் 9 என்றால் அளவைக் கூட்டுவதா என்று யோசிப்பார்கள், ஆனால் அது பெரும்பாலும் சிறுகுடலில் வருவது. இரைப்பையில் வரும் சிலவற்றில் கிட் சரியாகவே இருக்கும், பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற பக்கத்து மரபணு பழுதாகியிருக்கும். அதில் டி842வி என்ற குறிப்பிட்ட மாற்றம் இருந்தால் இமாடினிப் பலன் தராது. மூன்று வருஷம் மாத்திரை விழுங்கி, முகம் வீங்கி, பலன் ஒன்றுமில்லாமல் போகும். இந்தப் பரிசோதனைக்கு அம்மாவை மறுபடி குத்த வேண்டியதில்லை. மெழுகில் பதித்து வைத்த கட்டியின் துண்டு, 'பிளாக்' என்போம், ஆபரேஷன் நடந்த இடத்தின் லேபில் இருக்கும். எழுதிக் கொடுத்தால் தருவார்கள். அதை ரிப்போர்ட்டைப் போலவே பத்திரமாக வையுங்கள், பிரிட்ஜில் வைக்க வேண்டாம், வெயில் படாமல் இருந்தால் போதும்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு, வயிற்றுப்போக்கு, அசதி வரலாம். பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவைதான், டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் போன்றவை இதன் வேகத்தைக் குறைத்துவிடும். நாட்டு மருந்து எதையாவது சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் முதலில் கேளுங்கள். கிரேப்ஃப்ரூட் கூடாது, அதே இனமான பம்ப்ளிமாஸையும் இந்த மூன்று வருஷம் ஒதுக்கிவைப்பது நல்லது. தொடர் பரிசோதனைக்கு எண்டோஸ்கோபி மட்டும் போதாது, வயிற்று சி.டி. ஸ்கேன் வேண்டும், ஏனென்றால் திரும்பி வந்தால் பெரும்பாலும் இரைப்பைக்கு வெளியேதான் வரும். மாத்திரையை முடித்த பிறகு வரும் முதல் இரண்டு வருஷம் ஸ்கேனைத் தவறவிடவே கூடாது.

காரத்தால் வரவில்லை. காபியாலும் இல்லை, விரதத்தாலும் இல்லை. சளிப்படலப் புற்றுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கும் இதற்கும் தொடர்பு காணப்படவில்லை. அம்மாவின் சமையலைக் குற்றம் சொல்வதை வீட்டில் யாராவது தொடங்கியிருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

உங்களுக்கும் தம்பிக்கும் வரும் என்று நினைக்கக் காரணம் இல்லை. இந்த மரபணு மாற்றம், ஜிஸ்ட் வந்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் கட்டி கிளம்பிய அந்த ஒரு செல்லில் மட்டும், வாழ்நாளின் நடுவில் ஏற்படுவது. பிறவியிலேயே வரும் குடும்பங்கள் உலகத்தில் மிகச் சிலவே. குழந்தைகளுக்கோ இளம் வயதினருக்கோ வந்தால், ஒரே ஆளுக்குப் பல கட்டிகள் இருந்தால், உடம்பில் பால்காபி நிறத் திட்டுகள் நிறைய இருந்தால் மட்டும் அதைத் தேடுவோம். அம்மாவுக்கு அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை.

கடைசியாக, அம்மாவிடம் சொல்லாமல் இருப்பது. பயந்துவிடுவார் என்ற உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் அவர் தினமும் ஒரு மாத்திரையை ஆயிரம் நாளுக்கு மேல் போட வேண்டும். "சாதாரணக் கட்டி" என்று நம்புகிறவர், முகம் வீங்கிய மாதத்தில் "அதான் எடுத்தாச்சே" என்று அதை நிறுத்திவிடுவார். மறுபடி மலம் கறுத்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டார். மருந்து அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தை யாராவது படித்துச் சொன்னாலும் தெரிந்துவிடும், அப்போது அவர் இன்னும் பெரியதாகக் கற்பனை செய்துகொள்வார். நீங்களே சொல்லுங்கள்: "அம்மா, ரத்தம் போனதுக்குக் காரணமான கட்டி ஒருவகைப் புற்றுநோய். அதை முழுசா எடுத்துட்டாங்க. திரும்ப வராம இருக்கத்தான் இந்த மாத்திரை." இவ்வளவு போதும். பிறகு அவர் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைக்காமல் உள்ளே கூட்டிப் போங்கள். மரபணுப் பரிசோதனையின் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.